ஜிஆர்இ 'கட்டாயம் இல்லை' என்று போட்டிருந்தால் எழுதுவதா, விடுவதா? (வானியல் பிஎச்டி, ஊட்டியிலிருந்து)

பாலாடா

எல்லோருக்கும் வணக்கம். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை பாலாடாதான் சொந்த ஊர். கோவையில் எம்எஸ்சி இயற்பியல் முதலாண்டு முடியப் போகிறது. பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. பிஎஸ்சியில் சேர்ந்த பிறகுதான் எல்லாம் ஆங்கிலத்தில்.

ரேடியோ வானியலில் பிஎச்டி செய்ய வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், மலைச்சரிவில் வரிசையாக நிற்கிற அந்த ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊட்டி இருக்கிற அட்சரேகை சுமார் 11 டிகிரி, சரிவின் சாய்வும் அதே 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது, ஒரே அச்சில் திருப்பினாலே வானத்துப் பொருளை மணிக்கணக்காகத் தொடரலாம். பிஎஸ்சி இரண்டாம் ஆண்டில் ஒரு பேராசிரியர் இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். அன்றைக்கு முடிவு செய்ததுதான் இது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த டிசம்பரில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன். ஒவ்வொரு துறையின் பக்கத்திலும் ஒவ்வொரு மாதிரி போட்டிருக்கிறது. சிலவற்றில் ஜிஆர்இ (அங்கே மேற்படிப்பில் சேர எழுதும் பொதுத் தேர்வு) கட்டாயம். சிலவற்றில் விருப்பம் இருந்தால் அனுப்பலாம். சிலவற்றில் அனுப்பினாலும் பார்க்க மாட்டோம். பொது ஜிஆர்இ தனி, இயற்பியல் ஜிஆர்இ தனி. அதற்கு மேல் டோஃபல் அல்லது ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு.

கோவையில் ஒரு பயிற்சி மையத்தில் விசாரித்தேன். "ஜிஆர்இ இல்லாமல் உங்கள் கல்லூரிப் பெயரை வைத்து யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், பேக்கேஜ் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை அப்பா ஒரு போகம் கேரட் போட்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றினால் கையில் நிற்கிற பணத்தை விட அதிகம். அதிலும் தேர்வுக் கட்டணம் சேராது.

கேட்க வேண்டியது இதுதான். கட்டாயம் இல்லாத இடங்களுக்கு எழுதாமல் விட்டால் பாதகமா? ஆங்கிலத் தேர்வில் எது எனக்குச் சரிவரும்? இதையெல்லாம் வீட்டிலிருந்தே எழுதலாம் என்கிறார்களே, எங்கள் ஊரில் அது நடக்குமா?

---

கூடலூர்க்காரன்

தங்கச்சி, நான் மெக்கானிக்கலில் எம்எஸ் முடித்தவன். என் கருத்து, எழுதிவிடுங்கள். 2023 செப்டம்பரிலிருந்து ஜிஆர்இ பாதியாகக் குறைந்துவிட்டது. 1 மணி 58 நிமிடம்தான். கட்டுரை ஒன்று, கணிதம் 27 கேள்வி, ஆங்கிலம் 27 கேள்வி. மதிப்பெண் 5 வருடம் செல்லும். ஒருமுறை எழுதினால் 21 நாள் கழித்து மறுபடி எழுதலாம். ஸ்கோர் சரியில்லை என்றால் அனுப்பாமலே இருக்கலாம், பல்கலைக்கழகத்துக்குத் தெரியாது. கையில் ஒன்று இருப்பது நல்லதுதானே. பயிற்சி மையம் வேண்டாம். தேர்வை நடத்துகிற இடிஎஸ் பவர்பிரெப் என்று இரண்டு மாதிரித் தேர்வை இலவசமாகவே கொடுக்கிறது, அதுவே போதும்.

---

வட்டக்கானல்

பாலாடா, உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் கொடைக்கானல். நீங்கள் ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்து வளர்ந்தது போல நாங்கள் சூரிய ஆய்வகத்தைப் பார்த்து வளர்ந்தோம். 1909ல் எவர்ஷெட் சூரியப்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி நகர்வதைக் கண்டுபிடித்தது அங்கேதான். அமெரிக்காவில் பிஎச்டி முடித்துவிட்டு இப்போது ஜெர்மனியில் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வாளர்). பிஎச்டி செய்யும்போது ஒரு வருடம் எங்கள் துறையின் சேர்க்கைக் குழுவில் மாணவர் பிரதிநிதியாக இருந்தேன். கோப்புகளை எப்படிப் படிக்கிறார்கள் என்று கிட்டத்தில் பார்த்ததால் சொல்கிறேன்.

கூடலூர் அண்ணன் சொன்னது பொறியியலுக்குப் பெரும்பாலும் பொருந்தும். இயற்பியல், வானியல் பக்கம் நிலைமை வேறு.

இந்தத் துறையில் ஜிஆர்இ மேல் இருந்த நம்பிக்கை 2015லேயே ஆட்டம் கண்டுவிட்டது. அந்த வருடம் லெவெஸ்க், பெசான்சன், ட்ரெம்ப்ளே என்ற மூன்று வானியலாளர்கள், பெயர்பெற்ற போஸ்ட்டாக் உதவித்தொகை வாங்கியவர்களிடம் அவர்களின் பழைய இயற்பியல் ஜிஆர்இ மதிப்பெண்ணைக் கேட்டுத் திரட்டினார்கள். அந்த மதிப்பெண்ணுக்கும் பின்னால் அவர்கள் செய்த ஆராய்ச்சிக்கும் சொல்லிக்கொள்ளும்படி சம்பந்தம் இல்லை. அதே வருடக் கடைசியில் அமெரிக்க வானியல் கழகத்தின் அப்போதைய தலைவர் மெக் யூரி, ஜிஆர்இயை நம்பி ஆளைத் தேர்ந்தெடுப்பதை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று துறைகளுக்கு எழுதினார். 2019ல் கேசி மில்லர் குழு 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் இன்னொரு ஆய்வு வெளியிட்டது. யார் பிஎச்டியை முடிப்பார்கள் என்பதை இந்த மதிப்பெண்கள் சரியாகக் காட்டுவதில்லை, ஆனால் பெண்களையும் சிறுபான்மையினரையும் வாசலிலேயே வடிகட்டிவிடுகின்றன என்பது அதன் சாரம். அந்தப் புள்ளியியலை மறுத்தவர்களும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். அப்புறம் 2020ல் கொரோனா வந்து தேர்வு மையங்களை மூடியதும், யோசித்துக்கொண்டிருந்த துறைகளும் ஜிஆர்இ நிபந்தனையை எடுத்துவிட்டன. சில இடங்களில் இப்போது திரும்ப வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு இத்தனை விதமாகக் கண்ணில் படுவது அதனால்தான்.

ஆகவே மூன்று நிலையையும் தனித்தனியாகப் பாருங்கள்.

பார்க்க மாட்டோம் என்று எழுதியிருந்தால் அதை அப்படியே நம்பலாம். குழுவுக்கு அந்த எண்ணே போய்ச் சேராது. பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

கட்டாயம் என்று போட்டிருந்தால் வேறு பேச்சில்லை. ஆனால் அந்தத் துறையில் யாருடன் வேலை செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்று உங்களால் பெயர் சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் அந்த ஒரு இடத்துக்காக மட்டும் இருபதாயிரத்துக்கு மேல் செலவழிக்க வேண்டியதில்லை. பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

விருப்பம் என்பதுதான் சிக்கலான இடம். இதில் என் கருத்து கொஞ்சம் அழுத்தமானது. பொது ஜிஆர்இ அனுப்பவில்லை என்று ஒரு கோப்பு ஒதுக்கப்பட்டதை நான் பார்த்ததில்லை. கணிதப் பகுதியில் 170க்கு 168 வாங்கினாலும் இயற்பியல் துறையில் யாரும் நிமிர்ந்து உட்கார மாட்டார்கள், விண்ணப்பிக்கிற பாதிப்பேர் அதை வாங்கியிருப்பார்கள். இயற்பியல் ஜிஆர்இ அப்படி இல்லை. உங்கள் கல்லூரியின் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. உங்கள் மதிப்பெண் பட்டியலில் எலக்ட்ரோடைனமிக்ஸ் 86 என்று இருந்தால், அந்த 86 என்ன கனம் என்று அளக்க அவர்களிடம் கோல் இல்லை. பெரிய ஐஐடியிலிருந்து வருகிறவருக்கு அந்தப் பிரச்சினை கிடையாது. 990க்கு 900க்குப் பக்கத்தில் ஒரு இயற்பியல் மதிப்பெண் இருந்தால் அந்தச் சந்தேகம் ஒரே வரியில் தீரும். நம் மாதிரி ஊர்களிலிருந்து, பெயர் தெரியாத கல்லூரியிலிருந்து போகிறவர்களுக்கு இந்தத் தேர்வு உண்மையாகவே கைகொடுக்கும் இடம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். சுமாராக வந்தால் அனுப்பாதீர்கள், ஒன்றும் குடிமுழுகாது.

அது இப்போது கணினியில் நடக்கிறது, 2 மணி நேரம், சுமார் 70 கேள்விகள். தவறான பதிலுக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள், எதையும் விடாமல் குறித்துவிட்டு வாருங்கள். மெக்கானிக்ஸ் ஐந்தில் ஒரு பங்கு, மின்காந்தவியல் கிட்டத்தட்ட அதே அளவு. ஆக பிஎஸ்சி பாடம்தான். வேகம்தான் சவால். வருடத்தில் சில தேதிகளில் மட்டுமே நடக்கும். டிசம்பர் கெடுவுக்கு செப்டம்பர், அக்டோபர் தேதிகள்தான் ஒத்துவரும்.

எங்கள் குழு முதலில் படித்தது பரிந்துரைக் கடிதங்கள். அடுத்து, மாணவர் தன் வேலையைப் பற்றி எழுதிய பக்கம். "சிறந்த மாணவி, ஒழுக்கமானவர், வகுப்பில் முதலிடம்" என்று வருகிற கடிதத்தால் எந்தப் பயனும் இல்லை. நம் ஊர்ப் பேராசிரியர்கள் நல்ல மனசோடுதான் அப்படி எழுதுகிறார்கள். நீங்கள் போய் உட்கார்ந்து, என்ன கணக்கு செய்தீர்கள், எங்கே மாட்டிக்கொண்டீர்கள், எப்படி வெளியே வந்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். அதை வைத்து அவர் எழுதட்டும்.

தொலைநோக்கி வாசலிலேயே இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அதை நடத்துவது புனேயில் இருக்கும் என்சிஆர்ஏ என்ற ரேடியோ வானியல் ஆய்வு மையம். மாணவர்களே பல்சர்களை (சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்பு வரும் நட்சத்திரங்கள்) பார்த்துப் பழகும் பயிற்சியை ஊட்டியிலேயே நடத்தியிருக்கிறார்கள், கோடைக்கால மாணவர் திட்டமும் உண்டு. அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அங்கே ஒரு பல்சர் தரவை நீங்களே அலசி, ஒரு விஞ்ஞானி அதைப் பற்றி நாலு வரி எழுதினால், அது எந்த ஜிஆர்இயை விடவும் பெரிது.

இன்னொன்று. அமெரிக்கா மட்டும்தான் என்று ஏன்? எம்எஸ்சி முடித்தவருக்கு ஐரோப்பாவில் பிஎச்டி என்பது சம்பளத்தோடு வேலை. பானில் மாக்ஸ் பிளாங்க் ரேடியோ வானியல் நிறுவனம் இருக்கிறது, எஃபெல்ஸ்பெர்க்கின் 100 மீட்டர் தொலைநோக்கி அவர்களுடையது. நெதர்லாந்தில் ஆஸ்ட்ரான் நிறுவனம், ஐரோப்பாவுக்கு வெளியே ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரம். அந்தப் பக்கம் பெரும்பாலும் ஜிஆர்இ பேச்சே வராது.

---

பாலாடா

அக்கா, ரொம்ப நன்றி. மூன்று நாளாகக் குழம்பிக்கொண்டிருந்தது கொஞ்சம் தெளிந்திருக்கிறது. கூடலூர் அண்ணனுக்கும் நன்றி. பொது ஜிஆர்இ கட்டாயம் என்று கேட்கிற துறைகளை எடுத்துப் பார்த்தால், யாருடைய ஆராய்ச்சியும் எனக்குத் தெரியாத இடங்கள்தான் அதிகம். அவற்றை நீக்கிவிடுகிறேன். இயற்பியல் ஜிஆர்இ எழுதுவேன்.

ஆங்கிலத் தேர்வு பற்றித்தான் பயம். படிப்பேன், எழுதுவேன். பேச வரும்போது தடுமாறுகிறேன். எங்கள் கல்லூரியில் ஆங்கில வழிப் படிப்பு என்று சான்று கொடுப்பார்கள். அது போதாதா?

---

குன்னூர் ஆசிரியர்

அம்மா, நான் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். வெளிநாடு போன நம் மாவட்டத்துப் பிள்ளைகள் சிலருக்கு இந்தத் தேர்வு ஏற்பாடுகளில் கூட நின்றிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சிலது.

ஆங்கில வழிச் சான்றைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கும், பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். நீங்கள் கேட்பது பிஎச்டி. அங்கே முதல் வருடங்களில் பெரும்பாலும் இளநிலை மாணவர்களுக்கு ஆய்வகம், பயிற்சி வகுப்பு நடத்தித்தான் உதவித்தொகை வாங்குவீர்கள். அதனால் பேச்சுப் பகுதிக்கு மட்டும் தனியாக ஒரு குறைந்தபட்ச மதிப்பெண் வைத்திருப்பார்கள். மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு இதைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

டோஃபலில் மைக்கைப் பார்த்துப் பேச வேண்டும், எதிரே ஆள் இருக்க மாட்டார். ஐஇஎல்டிஎஸ்ஸில் தேர்வாளர் ஒருவரோடு 11 முதல் 14 நிமிடம் உரையாடல். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு நான் எப்போதும் இரண்டாவதைத்தான் சொல்வேன். எதிரே ஒரு முகம் இருந்தால் நம் பிள்ளைகள் பேசிவிடுவார்கள். 'அகாடமிக்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், 'ஜெனரல்' வேண்டாம். பெரும்பாலும் 6.5 அல்லது 7 கேட்பார்கள். இரண்டு வருடம்தான் செல்லும், ஜூலை, ஆகஸ்டில் எழுதினால் கணக்குச் சரியாக இருக்கும். டோஃபல்தான் என்று முடிவு செய்தால் பழைய புத்தகம் வாங்காதீர்கள். 2026 ஜனவரியிலிருந்து தேர்வும் மாறிவிட்டது, மதிப்பெண்ணும் 1 முதல் 6 வரை என்று மாறிவிட்டது.

வீட்டிலிருந்து எழுதுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். விதியெல்லாம் சரி, நம் ஊருக்கு வேண்டாம் என்பேன். ஜூன் பிறந்தால் காற்றில் கற்பூர மரம் ஒன்று கம்பி மேல் விழும், கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இன்வெர்ட்டர் இருந்தாலும் இணையம் நிற்கும். பாதித் தேர்வில் இணைப்புப் போனால் அதன் பிறகு அவர்களோடு எழுதி, விளக்கி, காத்திருந்து, பிள்ளை துவண்டுபோகும். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, கதவு சாத்தியிருக்க வேண்டும், கேமராவைச் சுற்றிலும் காட்ட வேண்டும். சாதாரணத் தாளில் கணக்குப் போட்டுப் பார்க்க அனுமதி இல்லை, சின்ன வெள்ளைப் பலகை மாதிரி அழித்து எழுதக்கூடியதில்தான். காது இரண்டும் வெளியே தெரிய வேண்டும். ஒரு மாணவி காலை நேரத் தேர்வுக்குக் காதைச் சுற்றி மஃப்ளர் கட்டி உட்கார்ந்திருந்தாள், கண்காணிப்பாளர் கழற்றச் சொல்லிவிட்டார். வெறும் காதோடு அந்தக் குளிரில் முழுத் தேர்வும் எழுதினாள். பாலாடாவில் டிசம்பர் காலை எப்படி இருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் கோவையிலேயே படிக்கிறீர்கள், மையத்தில் எழுதுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் ஊருக்கு வந்திருந்தால் இரண்டு நாள் முன்பே கீழே இறங்கிவிடுங்கள். அக்டோபர், நவம்பரில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும், அதுவும் அடைத்தால் ஒன்றும் செய்ய முடியாது. 2009 நவம்பர் நிலச்சரிவை இங்கே இருந்தவர்கள் மறக்க மாட்டோம்.

கடைசியாகப் பெயர். இதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் சிரமப்படுகிறார்கள். மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருக்கும். எந்தத் தேர்வுக்குப் பதிவு செய்தாலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, அதே கட்டத்தில் போட வேண்டும். மையத்து வாசலில் அதை வைத்துத்தான் உள்ளே விடுவார்கள். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் முதல் வேலை அது. குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடாமல் எடுங்கள். காலியாக இருந்தால் பின்னால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இல்லை என்று அச்சாகி, போகிற இடமெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

இயற்பியல் ஜிஆர்இக்குப் படிப்பது வீண் போகாது. இந்திய ஆய்வு நிறுவனங்களில் பிஎச்டி சேர எழுதும் ஜெஸ்ட், டிஐஎஃப்ஆர் நுழைவுத் தேர்வு இரண்டுக்கும் அதே அடிப்படைதான். அவற்றையும் எழுதுங்கள். புனேயோ பெங்களூரோ கிடைத்தால் அதுவும் முதல் தரமான இடம்தான்.

---

கூடலூர்க்காரன்

சார் சொன்ன பெயர் விஷயம் நூற்றுக்கு நூறு. அக்கா சொன்னதையும் ஒப்புக்கொள்கிறேன், உங்கள் துறைக்கு இயற்பியல் தேர்வு மட்டும் போதும். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கும்போது பல பல்கலைக்கழகங்கள் மதிப்பெண்ணை நாமே உள்ளிட்டால் போதும் என்கின்றன, இடம் கிடைத்த பிறகு அதிகாரபூர்வமாக அனுப்பினால் சரி. ஒவ்வொரு இடத்துக்கும் முன்கூட்டியே காசு கட்டி அனுப்ப வேண்டாம், பக்கத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

---

பாலாடா

சார், பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை. இந்த வாரமே விண்ணப்பிக்கிறேன், அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு. ஐஇஎல்டிஎஸ் ஆகஸ்டில் கோவையில் எழுதுகிறேன்.

வட்டக்கானல் அக்காவிடம் இன்னும் ஒன்று. விண்ணப்பக் கட்டணமே ஒவ்வொன்றுக்கும் 75 டாலர், 100 டாலர் என்று இருக்கிறது. தள்ளுபடி கேட்டு எழுதினால் தவறாக நினைப்பார்களா?

---

வட்டக்கானல்

நினைக்க மாட்டார்கள். கேட்பது வழக்கம்தான், சேர்க்கைக் குழுவுக்கு அது தெரியவும் தெரியாது. துறையின் மாணவர் சேர்க்கை அலுவலருக்கு நேரடியாக எழுதுங்கள், பேராசிரியருக்கு வேண்டாம். சில இடங்களில் வெளிநாட்டு மாணவருக்குத் தள்ளுபடி கிடையாது, அதை அவர்களே சொல்லிவிடுவார்கள். அக்டோபர் தொடக்கத்தில் எழுதினால் பதில் வர நேரம் இருக்கும். நாலைந்து வரி போதும்: யார், எந்தப் பிரிவுக்கு, குடும்ப வருமானம் எவ்வளவு, அதற்குச் சான்று அனுப்ப முடியும் என்பது. தாசில்தார் அலுவலக வருமானச் சான்றிதழை இப்போதே வாங்கி, ஆங்கிலத்தில் ஒரு மொழிபெயர்ப்போடு வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் எழுதியதும் பெயர், கல்லூரி விவரங்களை எடுத்துவிட்டு வரைவை இங்கே போடுங்கள், நான் பார்த்துத் தருகிறேன்.